பித்தளையில் ஒரு புதுக் கீறல்

போன் அடித்தது.

இன்ஸ்பெக்டர் ஓக்னியான் கண்ணைத் திறக்காமலே அதை முறைத்தார்.

ராத்திரி முழுக்கப் பனியில் வழுக்கிய லாரிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, இப்போதுதான் பூட்ஸைக் கழற்றி, ஹீட்டர் மேல் கால்களை வைத்திருந்தார். கட்டைவிரல்கூட இன்னும் சூடாகவில்லை.

"எடுங்க சார்," என்றாள் கான்ஸ்டபிள் ராலிட்சா.

"நான் எடுக்கலைன்னா எதுவும் நடக்கலைன்னு அர்த்தம்."

"அப்படி அர்த்தம் இருந்தா எனக்கும் வேலை இருக்காது. எடுங்க சார்!"

எடுத்தார்.

"சார்... மெத்தோடி பேசறேன்! கணவாய்க்குக் கீழ விடுதி வச்சிருக்கேனே, அந்த மெத்தோடி! நேத்து என் விடுதியில தங்கின பைக்காரன் ஒருத்தன் கழுகு வளைவுப் பள்ளத்துல கிடக்கான் சார்! பைக் அவன் மேல கிடக்கு!"

"உயிர்?"

"பேச்சு மூச்சு இல்ல சார்..."

ஓக்னியான் பூட்ஸைப் பார்த்தார். பூட்ஸ் ஈரமாக அவரைப் பார்த்தது.

"வர்றேன்."

* * *

ரொடோப்பி மலையில் நவம்பர் என்றால், மூச்சு மீசையில் உறையும்.

புத்தியுள்ளவர்கள் பைக்கைத் துணி போட்டு மூடிவிடுகிற மாதம் அது. பள்ளத்தில் கிடந்த லாஸருக்கு அந்தப் புத்தி இல்லை. பள்ளிக்கூடத்தில் இசை வாத்தியார். வருஷம் தவறாமல் முதல் பனியில் தன் பழைய பைக்கை எடுத்துக்கொண்டு, சிநேகிதன் ஒருவனோடு மலையைக் குறுக்கே கடப்பான்.

இந்த வருஷம் பாதிதான் கடந்தான்.

கழுத்துக்குப் பின்னால், ஹெல்மெட்டுக்குக் கீழே, ஓர் ஆழமான அடி. பாறையில் மோதியிருக்கலாம். உடலை ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போயிற்று. ஜீப்பின் இரும்புக் கயிறு பைக்கை மேலே இழுத்துப் போட்டது. விளக்கு நொறுங்கி, ஹேண்டில்பார் வளைந்து, கார்புரேட்டரின் அடிக்கிண்ணம் பிளந்திருந்தது.

ஓக்னியான் குனிந்தார். முழங்கால் முனகியது.

"விபத்துதான்! டேப் திறந்திருக்கு. ஓடிட்டிருந்த வண்டி, வழுக்கி விழுந்திருக்கு."

"எந்த டேப் சார்?" என்றாள் ராலிட்சா.

"வா, காட்டறேன். டாங்க் மேல இருக்கா? கார்புரேட்டர் கீழ இருக்கா? பழைய வண்டியில பம்ப் கிடையாது. பெட்ரோல் தன் எடையிலயே கீழ இறங்கும். நிறுத்தும்போது இறங்காம இருக்க, நடுவுல இந்த டேப். கைப்பிடி கீழ பார்த்து நின்னா திறப்பு. குறுக்க படுத்தா மூடல். இது கீழ நிக்குது. அவ்ளோதான்!"

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"எனக்கும் ஒரு காலத்துல முழங்கால் இருந்துச்சு."

அப்போது வளைவில் ஒரு பைக் சத்தம்.

வந்தவன் தாடியெல்லாம் பனி. பெயர் ஸ்டோயில். பல் டாக்டர். லாஸரோடு பயணம் வந்த அந்தச் சிநேகிதன். முன்னால் போகிறவன், ரோடு பிரிகிற இடத்தில் நின்று, பின்னால் வருகிறவனின் விளக்குத் தெரிந்த பிறகுதான் நகர்வான்... இது அவர்கள் வழக்கம். விளக்குத் தெரியவே இல்லை. திரும்பிவிட்டான்.

விஷயத்தைச் சொன்னார்கள். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தான். பிறகு பைக்கைப் பார்த்தான்... எழுந்தான்!

"சார்! இது விபத்து இல்ல!"

ஓக்னியானின் தோள் இறங்கியது. "டாக்டர்... வீட்டுக்குப் போகலாம்னு பார்த்தேன்..."

"இந்த டேப் மூடியிருக்கு!"

"கீழ பார்த்து நிக்குதேய்யா!"

"எல்லா வண்டிக்கும் அது திறப்பு. இதுக்கு மூடல்! ஒரிஜினல் டேப் ஒடைஞ்சப்போ, வீட்டுல ரக்கியா சாராயம் காய்ச்சற அண்டாவோட பித்தளை டேப்பைக் கழட்டி மாட்டினான். கைப்பிடி திசை மாறிப்போச்சு, குறுக்க படுத்தாதான் திறப்பு. சரி பண்ண சோம்பேறித்தனம். கார்புரேட்டர் பிளந்திருக்கு பாருங்க... டேப் திறந்திருந்தா டாங்க் காலியாகியிருக்கணும்!"

அவன் வண்டியை ஆட்டினான்.

சளக்... சளக்... என்றது டாங்க். முக்கால்வாசி பெட்ரோல்!

"நிறுத்தும்போது அவனே மூடியிருக்கலாமே?" என்றாள் ராலிட்சா.

"மூடினதே கிடையாதும்மா. கையால திருப்ப முடியாது, அவ்வளவு இறுக்கம். குறுக்கதான் கிடக்கும். அப்படியே விட்டுட்டான்."

ஓக்னியான் டார்ச்சை அடித்தார். கறுத்த பித்தளைக் கைப்பிடியில் பளபளவென்று புதுக் கீறல்கள். பல் பல்லாக. யாரோ கட்டிங் பிளையர் வைத்துத் திருகியிருக்கிறார்கள்!

"இந்த டேப் விவரம் யாருக்கெல்லாம் தெரியும், டாக்டர்?"

"அவனுக்கு... எனக்கு."

"வேற?"

"வேற யாருக்கும் தெரியாது சார்."

ஓக்னியான் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நேத்து சாப்பாட்டு மேசையில ரெண்டு பேருக்கும் சண்டையாமே. வர்ற வழியில மெத்தோடி சொன்னான். 'உன்னைப் பள்ளத்துல தள்ளிடுவேன்'னு கத்தினீங்களாம்."

"கணவாய் வேணாம், பனி கொட்டும், திரும்பிடலாம்னேன். கேக்கலை. அந்தக் கோபத்துல..."

"ஓடற வண்டி விழலை. நின்ன வண்டியை யாரோ தள்ளியிருக்காங்க. முன்னாடி போனதுக்கு உங்களுக்குச் சாட்சி இல்ல. வாயை மூடிட்டு இருந்திருந்தா விபத்துன்னு எழுதிட்டு எல்லாரும் தூங்கப் போயிருப்போம்!"

"அவனுக்காகத் திரும்பி வந்தேன் சார். வாயை மூடவா வந்தேன்?"

விலங்கு மாட்டும்போது ஸ்டோயில் கையை இழுக்கவில்லை. அந்தக் குளிரில் இரும்பு தோலில் ஒட்டியது.

* * *

பனி கனத்தது. கணவாயை அடைத்துவிட்டதாக ரேடியோவில் செய்தி. பைக்கை ஜீப்பின் பின்னால் ட்ரெய்லரில் இழுத்துக்கொண்டு அந்தப் பனியில் ஊர் திரும்ப முடியாது. வண்டியை மெத்தோடியின் கொட்டகையில் போட்டுவிட்டு, ஸ்டோயிலை மட்டும் கூட்டிப்போவது என்று முடிவு.

ஜீப்பை ராலிட்சா ஓட்டினாள். ஓக்னியான் கண் மூடியிருந்தார்.

"டாக்டர்... ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். நீங்கதான் தள்ளினீங்க. விபத்து மாதிரி தெரியணும். டேப்பை என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன். அதுதான் திறந்தே கிடக்குமே."

"ராலிட்சா, நீ?"

"எனக்கு அது இருக்கறதே மதியம்தான் தெரியும்."

"சரி. நான்?"

ஓக்னியான் கண்ணைத் திறந்தார்.

"தள்ளறதுக்கு முன்னாடி வண்டியைப் பார்ப்பேன். டேப் குறுக்க படுத்திருக்கு. ஐயோ, மூடியிருக்கே! மூடின டேப்போட வண்டி எப்படி ஓடியிருக்கும், போலீஸ் கண்டுபிடிச்சிடுமேன்னு பதறுவேன். கீழ திருப்பி வைப்பேன். திறக்கறதா நினைச்சு மூடுவேன்! இந்த வண்டி தெரிஞ்சவன் தொட மாட்டான். எந்த வண்டியும் தெரியாதவனும் தொட மாட்டான். பழைய வண்டியெல்லாம் தெரிஞ்சு, இது மட்டும் தெரியாதவன்... அவன்தான் தொடுவான்!"

"அப்போ என் கை விலங்கு?" என்றான் ஸ்டோயில்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும். பார்க்கறவனுக்குத் தைரியமா இருக்கும்."

* * *

விடுதி வாசலில் மெத்தோடி காத்திருந்தான். விலங்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உடனே அதைச் சோகமாக்கிக்கொண்டான்.

"அடப்பாவி டாக்டரு... கூடவே தின்னுட்டு! உள்ள வாங்க சார், பீன்ஸ் சூப் கொதிக்குது."

"சூப் இருக்கட்டும். உனக்கு பைக் ஓட்டத் தெரியுமா மெத்தோடி? இதைக் கொட்டகைக்குள்ள வைக்கணும்."

"நானா! கழுதை மேலகூட ஏறினதில்ல சார். தள்ளச் சொன்னா தள்ளறேன்."

தள்ளினார்கள். கொட்டகை நடுவில் பைக் நின்றது. ஓக்னியான் கையுறைக்குள் விரல்களை மடக்கி ஊதினார்.

"உடைஞ்ச வண்டி. பெட்ரோல் கசிஞ்சா உன் கொட்டகை போயிடும். எங்கயோ ஒரு டேப் இருக்குமாம். மூடிடேன்."

மெத்தோடி பெருமூச்சுவிட்டான். அவனுக்கும் அன்றைக்கு அலுப்புத்தான். குனிந்தான். இடது கையால் டாங்கின் அடியைத் தடவினான். வலது கை பாக்கெட்டுக்குள் போயிற்று.

வெளியே வந்தது கட்டிங் பிளையர்!

கைப்பிடியைக் கவ்வி ஒரே திருகு. கீழே நின்றது, குறுக்கே படுத்தது.

சோ...வென்று கொட்டியது பெட்ரோல்! பிளந்த கிண்ணம் வழியாக அவன் முழங்கால், காலுறை, செருப்பு எல்லாம் நனைந்தது.

"மூடினேனே! இது... இது என்ன..."

ஸ்டோயில் விலங்குக் கையோடு பாய்ந்து, பிளையரைப் பறித்து, கைப்பிடியைக் கீழே திருப்பினான். நின்றது.

கொட்டகையில் பெட்ரோல் வாடை.

"கையால ஒரு தடவைகூடத் திருகிப் பார்க்கலையே மெத்தோடி," என்றார் ஓக்னியான், களைத்த குரலில். "எடுத்ததும் பிளையர். அது இறுக்கம்னு யார் சொன்னா? கழுதையா?"

மெத்தோடி வாசலைப் பார்த்தான். வாசலில் ராலிட்சா. கையில் துப்பாக்கி.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"பட்டாளத்துல தபால் பைக் ஓட்டினேன்..." என்றான் மெல்ல. "அந்த வளைவுக்குக் கீழ ஒரு மேடு. பழைய ராஜாவோட சமாதி. தங்கம் இருக்கும்னு தோண்டிட்டிருந்தேன். அந்த லாஸர் எஞ்சின்ல கை காய வைக்கன்னு நிறுத்தினான்... எட்டிப் பார்த்தான்... 'என்ன மெத்தோடி, உருளைக்கிழங்கா?'ன்னு சிரிச்சான். போனை எடுத்துப் படம் பிடிச்சான். மேல ஏறி வந்து கெஞ்சினேன். கேக்கலை. ஜெயிலுக்குப் போயிடுவேனேன்னு... மண்வெட்டியால..."

"நீயே ஏன்டா போன் பண்ணினே?" இது ராலிட்சா.

ஓக்னியான் பதில் சொன்னார். "ஆளைக் காணோம்னா மலை முழுக்கத் தேடுவோம். குழி தெரிஞ்சிடும். பிணம் ரோட்டோரம் கிடைச்சா யாரும் கீழ இறங்க மாட்டாங்க. நல்லாத்தான் யோசிச்சிருக்கான். டேப்பையும் யோசிச்சான் பாரு, அதுதான் வினை."

விலங்கு கை மாறியது. ஸ்டோயில் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே பைக்கின் சீட்டில் கை வைத்து நின்றான். அழவில்லை. அதற்கான தெம்பு அவனிடம் இல்லை.

"தங்கம் கிடைச்சுதா?" என்றார் ஓக்னியான்.

"ரெண்டு பானை ஓடு சார்."

மெத்தோடி நடுங்கினான். பெட்ரோலில் நனைந்த கால்கள் விறைத்துக்கொண்டிருந்தன.

"சார்... கடைசியா ஒரு சிகரெட்டாவது பத்த வைங்க சார்..."

ஓக்னியான் அவனை மேலும் கீழும் பார்த்தார். கொட்டாவி விட்டார்.

"ஆசைதான் மெத்தோடி... ஆனா உன்னை அணைக்கற அளவுக்கு எனக்கு இன்னிக்குத் தெம்பில்லை!"