ஆற்றில் கிடந்த தாடிக்காரர்

பிணம் ஆற்றில் குப்புறக் கிடந்தது. முகமெல்லாம் தாடி, தலையில் இரும்புத் தொப்பி, முதுகில் கோடாரி. கரையில் ஓநாய்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

"இவருதாங்க என் வீட்டுக்காரர்" என்றார் தையல்காரம்மா.

சப்-இன்ஸ்பெக்டர் அந்த அம்மாள் வீட்டுக் கம்ப்யூட்டர் திரையை உற்றுப் பார்த்தார். இணையக் குற்றப் பிரிவுக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து அவருக்கு நல்ல தூக்கம் கிடையாது. முழங்கால் வேறு விண்விண்ணென்று தெறித்தது.

"அம்மா, அவரு போன வருஷமே இறந்துட்டாருன்னு புகார்ல எழுதியிருக்கீங்களே?"

"அவரு போயிட்டாரு. இது ஆட்டத்துல அவரோட ஆளு."

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊர் உலகமெல்லாம் மறந்துவிட்ட ஒரு பழைய ஆட்டத்தை, பல பேர் இணையத்தில் சேர்ந்து விளையாடுவதை, கடைசிவரை விடாமல் ஆடியவர். அவர் போன பிறகும் அம்மாள் தினமும் சாயங்காலம் இரண்டு கம்ப்யூட்டரையும் போடுவார். அவருடைய ஆளை ஆட்டத்து வீட்டு வாசலில் நிறுத்தி, பக்கத்தில் வைத்தியச்சியான தன் ஆளை உட்கார வைத்து, ரவிக்கைக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருப்பார். நேற்று கணவரின் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை. தன் ஆளோடு தேடிப் போனால் ஆற்றில் பிணம்.

"வைத்தியச்சி நினைச்சா எழுப்பலாங்க. ஆனா செத்தவங்களோட கணக்குக்குள்ள போய் 'சம்மதம்'னு ஒரு பொத்தானை அமுக்கணும். பாஸ்வேர்டை யாரோ மாத்திட்டாங்களே! இன்னைக்கு ஆறு மணிக்குப் பொணம் கரைஞ்சுடும். கரைஞ்சா ஆளே கெடையாது. அவரு மறுபடியும் இல்லாம போயிடுவாரு."

ஸ்டேஷனில் சொன்னால் சிரிப்பார்கள். எழுந்துவிடத்தான் நினைத்தார் சப்-இன்ஸ்பெக்டர். அந்த 'மறுபடியும்' அவரை எழவிடவில்லை.

"அப்படி என்னம்மா இருக்கு இதுல? மரம் மட்டையெல்லாம் அட்டையை வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு."

"புது ஆட்டத்துல அம்பு போட்டு வழி காட்டிடுது, யாரும் யாரோடயும் பேச வேண்டியதில்லை. இதுல வழி கேட்டாதான் போக முடியும். படகுக்குக் காத்துக் கெடக்கணும், காத்திருக்கறப்ப பேச்சு வரும். கல்யாணமான புதுசுல என்னையும் உக்கார வச்சாரு. ஆத்து மேல இருக்கற அந்த மரப்பாலத்துல கால் வச்சா பலகை வழியா நேரா கீழ போயிடுவோம், அப்ப அப்படி ஒரு கோளாறு. நான் விழுந்து சாவேன், அவரு வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பாரு. அப்புறம் எல்லாரும் ஆத்துல எறங்கியே போனோம். அதையெல்லாம் எப்பவோ சரி பண்ணிட்டாங்க, ஆத்துல ஓநாயை விட்டதும் அதுக்கப்புறம்தான்."

"பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்?"

"என் செல்லப்பேருதாங்க. குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும். அவரோட கூட்டாளிக்கும் தெரியும்."

மதியம் பாஸ்வேர்டு தெரிந்த மூன்று பேரும் வந்து சேர்ந்தார்கள்.

முதலில் செல்போன் கடை வைத்திருக்கும் மகன்.

"இந்தச் சனியனை நிறுத்தச் சொல்லித் தலைபாடா அடிச்சுக்கிட்டேன் மேடம். அதுக்காக இப்படிச் செய்வேனா? அந்த ஆளை வாசல்லேருந்து வெளிய கொண்டு வரவே எனக்குத் தெரியாது."

அடுத்தவர் கணவரின் கூட்டாளியான கூரியர்காரர், ஆட்டத்தில் எல்லாருக்கும் 'கேப்டன்'.

"அந்தக் கோடாரி மேல உங்களுக்கு ஒரு கண்ணாமே?"

"ஆமா, கேட்டேன். தரமாட்டேன்னாரு. விட்டுட்டேன்."

"ஆட்டத்துல அவங்க வீட்டுலேருந்து, ஆத்துக்கு அந்தப் பக்கம் தெரியற கோட்டை வரைக்கும் நடந்து காட்டுங்க."

கேப்டன் தன் ஆளை அழைத்துப் போனார். பாதை வளைந்து, மரப்பாலத்தில் ஏறி நேரே கோட்டைக்குப் போனது. பிணம் பாலத்துக்குக் கீழ்ப்பக்கம், பாதையை விட்டு வெகுதூரம் தள்ளிக் கிடந்தது.

"அங்க ஏன் போனாரு?"

"அதான் மேடம் எனக்கும் புரியல. தண்ணிக்குள்ள ஓநாய் இழுத்துடும். நேத்து சேர்ந்தவன்கூட பாதையோடதான் போவான்."

கடைசியாக இறந்தவரின் தம்பி, கண்ணாடிக் கடைக்காரர். அண்ணனோடு பேச்சுவார்த்தை அற்றுப்போய் எத்தனையோ காலமாயிற்று.

"ஆட்டம் பக்கம் நான் தலை வச்சுக்கூடப் படுத்ததில்லை. என்னை எதுக்கு இழுக்கறீங்க?"

சப்-இன்ஸ்பெக்டர் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். ஐந்தரை ஆகியிருந்தது.

"சார், எனக்கு ரொம்ப அசதியா இருக்கு. சுத்தி வளைக்காம சொல்லிடறேன். கேப்டன் தினமும் ஆடறவரு, பாலத்துல போவாரு. உங்க அண்ணன் மகனுக்கு ஆடத் தெரியாது, தட்டுத் தடுமாறினாலும் கண்ணுக்குத் தெரியற பாதையிலதான் போவான். நல்லா இருக்கற பாலத்தை விட்டுட்டு ஆத்துல எறங்கறவன், அந்தப் பாலம் ஆளை விழுங்கின காலத்துல ஆடினவன். சரி பண்ணினதும் தெரியாது, ஓநாய் வந்ததும் தெரியாது. அதுக்கு முன்னாடியே ஆட்டத்தை விட்டுப் போனவன். அது நீங்கதான்."

கண்ணாடிக் கடைக்காரர் அண்ணி பக்கம் திரும்பினார். பிறகு உடைந்துபோனார்.

"அண்ணனும் நானும்தான் மொதல்ல ஆடினோம் அண்ணி. கோட்டைச் சுவர் மேல உக்காந்து ராத்திரியெல்லாம் பேசுவோம். ஒரு தடவை அவரோட ஆளை அங்க கூட்டிட்டுப் போய் உக்கார வச்சுப் பாக்கணும்னு இருந்துச்சு. ஆத்துல எறங்கினதும் ஓநாய் கடிச்சுச் செத்துட்டாரு. நீங்க பாத்துடக் கூடாதுன்னு பயந்து பாஸ்வேர்டை மாத்தினேன். எப்படியாவது எழுப்பிடலாம்னு பாத்தேன், முடியல."

"ஆஸ்பத்திரியில உங்க பேரைச் சொல்லிக்கிட்டே கெடந்தாரு தம்பி. அப்ப வரத் தெரியல உங்களுக்கு. இப்ப திருடிக் கூட்டிட்டுப் போய்ப் பேசறீங்களாக்கும்!"

அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு தன் நாற்காலியில் அமர்ந்தார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க? நேரம் ஆகுது. அவரு எடத்துல உக்காருங்க."

தம்பி அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து புதிய பாஸ்வேர்டை அடித்தார். வைத்தியச்சி ஓநாய்களுக்குப் போக்குக் காட்டிவிட்டுத் தண்ணீரில் இறங்கி மந்திரம் சொன்னாள். தம்பி 'சம்மதம்' பொத்தானை அமுக்கினார். தாடிக்காரர் எழுந்து நின்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார். "புகாரை வாபஸ் வாங்கிக்கறீங்களாம்மா?"

"இருங்க மேடம்" என்றார் தையல்காரம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தம்பி முதல்ல அவரை வீடு வரைக்கும் கொண்டாந்து விடட்டும். அப்புறம் சொல்றேன்."