கண்ணாடியில் இறங்கும் படம்

டிவியில் படம் நிற்காமல் மேல்நோக்கி உருண்டுகொண்டிருந்தது. எதிர் நாற்காலியில் சாய்த்துவைத்த கண்ணாடியிலோ அதே படம் கீழே இறங்கியது.

டிவி மெக்கானிக் பெட்டியின் பின்னாலிருந்து தலையை நீட்டி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். படத்தை நிறுத்தும் திருகு பின்னால், திரை முன்னால். அதனால் எதிரே கண்ணாடி வைத்து, அதில் படத்தைப் பார்த்துக்கொண்டே திருகுவது அவன் தொழில் வழக்கம். கண்ணாடிக்கு இடத்தை வலமாக்கத் தெரியும். மேலைக் கீழாக்கத் தெரியாது. 'கண்ணு பூத்துப்போச்சுடா உனக்கு' என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி குனிந்தான்.

வெளியே மழை பிடித்து ஊற்றியது. பட்டப்பகலிலும் ஜன்னல் சாத்திய அறை இருண்டு கிடக்க, டிவிச் சூட்டில் தூசி கருகும் வாசனையும், காதுக்குள் ஊசி இறக்குவது போன்ற அதன் மெல்லிய கீச்சொலியும், படம் உருளும்போதெல்லாம் சுவரில் ஏறி இறங்கிய நீல வெளிச்சமும் சேர்ந்து அவன் பிடரியைக் கூச வைத்தன.

கண்ணாடிக்குப் பக்கத்தில், பாயில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். போன மாதம் அண்ணன் உயிர் போனது அதே நாற்காலியில்தான். வருஷக்கணக்காக அவர் அந்த டிவியோடு இணைத்த பழைய கம்ப்யூட்டரே கதியென்று கிடந்தார். அண்ணி அதைச் 'சக்களத்தி' என்றுதான் சொல்வாள்.

"உன்னையும் இந்த வீட்டையும் இதுக்குள்ள வரைஞ்சிருக்கேன், வந்து பாருன்னு எத்தனை தடவை கூப்பிட்டாரு. வேலை கிடக்குன்னு போயிட்டேன் பாவி. ஒரே ஒரு தடவை அந்தப் படம் நிக்கட்டும் தம்பி. வேற ஒண்ணும் வேணாம்."

"நிக்க வெச்சுட்டுத்தான் எந்திரிப்பேன் அண்ணி."

"கடைசில அவரே படத்தை ஆட விட்டுட்டாரு. நிக்கவே கூடாதுன்னாரு."

"அண்ணனுக்குக் கிறுக்கு."

கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. படத்தை நிறுத்திப் பிடிக்கும் வயர் துண்டாகக் கிடந்தது. அறுந்ததல்ல, அறுத்தது. இரண்டு நுனியிலும் அண்ணன் நேர்த்தியாக டேப் சுற்றியிருந்தார். வேறு யாராயிருந்தாலும் ஏன் என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்களே, ஈயம் பற்றவைத்த கையும் அப்படித்தான். அணைத்தான், டேப்பை உரித்தான், பற்றவைத்தான், மறுபடி போட்டான்.

படம் நின்றது.

கண்ணாடியில் பார்த்தான். பெரிய பெரிய கட்டங்களால் ஆன இதே அறை. நாற்காலி. டிவி. டிவிக்குப் பின்னால், ஸ்க்ரூடிரைவரோடு குனிந்திருந்த ஒருவன்.

அண்ணன் அவனை எப்போது வரைந்தார்?

பாயில் அண்ணி. அவளுக்குப் பின்னால் இன்னொரு உருவம்.

"அவருதான்!" அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள். "வந்துட்டாரு பாருங்க!"

அண்ணன் குள்ளம். இது கூரை இடித்து, கழுத்தை மடக்கிக்கொண்டு நின்றது.

சட்டென்று நிமிர்ந்து நேரே பார்த்தான். அண்ணிக்குப் பின்னால் வெறும் சுவர்.

கண்ணாடியில் அது கையை நீட்டியது. இங்கே, பாயில், அண்ணியின் தலைமுடி அமுங்கியது. ஐந்து விரல் தடம்.

"அண்ணி, எந்திரிங்க! வெளிய போங்க!"

அவள் அசையவில்லை. திருகை வலப்பக்கம் திருப்பினான். இடப்பக்கம் திருப்பினான். ஆடு. ஆடித் தொலை. ஆடவில்லை. ஐயோ, நான்தானே நிக்க வெச்சேன். பிளக்கைப் பிடுங்கினான்.

டிவி அணைந்தது. கீச்சொலி நின்றது.

கண்ணாடி அணையவில்லை. அதில் அறை அப்படியே இருந்தது. கூரையடியில் மடங்கிய கழுத்து இருந்தது. பாய் மட்டும் காலி.

மெல்லத் தலையைத் தூக்கினான். அண்ணி பாயில்தான் இருந்தாள். அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா தம்பி, இப்ப ஆடவே இல்ல."

சிரித்தாள். சிரிப்பின் ஓரம் வளையவில்லை. படி படியாக, சின்னச் சின்னக் கட்டங்களாக மேலே ஏறியது.