காற்றாட விட்ட உயிர்

மாடு மேய்க்கும் சென்னியப்பன் பர்கூர் மலையிலிருந்து ஈரோடு வந்து சேர்வதற்குள் செண்பகவல்லி ஆய்வக வாசலுக்கு ஏழு முறை நடந்துவிட்டாள். அவர் கொண்டுவரும் பிளாஸ்கில் இருப்பது நாட்டிலேயே கடைசியாக ஏப்பம் விட்ட எருமையின் இரைப்பைக் கூழ்.

மாடு ஏப்பம் விடுவதை நிறுத்தியவளே அவள்தான். மாட்டு வயிற்றில் குடியிருக்கும் தொல்லுயிரிகள் என்ற நுண்ணுயிர்கள் மீத்தேனைக் கிளப்பிப் பூமியைச் சூடாக்குகின்றன, ஒழித்துக்கட்டுவோம் என்று மேடை மேடையாகப் பேசி, ‘வாயுவடக்கி’ என்ற வைரஸை உருவாக்கினாள். பொய் சொல்வானேன், வெயில் தணியத்தான் செய்தது. வைரஸ் தீவனத் தொட்டியோடு நிற்காமல் வயல் சேறு, சாக்கடை என்று பரவியபோதும் ஜனங்கள் கைதட்டினார்கள். வெற்றி விழாவில், ஆய்வகத்தில் தொல்லுயிரி மிச்சமிருந்த கடைசிக் குப்பியைக் கேமராக்களுக்கு முன் அவளே திறந்தாள். காற்றுப் பட்டாலே செத்துவிடுகிற பிறவி அது. என்ன திமிர் அன்றைக்கு!

அப்புறம் மாடுகள் இளைத்தன. வைக்கோலை நொதிக்கவைக்கும் பாக்டீரியா ஹைட்ரஜனை வெளிவிடும். அதைத் தின்று தீர்த்தது இந்தத் தொல்லுயிரிதான். அது போனதும் ஹைட்ரஜன் தேங்கி நொதித்தலே நின்றது. வயிறு முட்ட வைக்கோல் இருந்தும் மாடுகள் பட்டினியில் சாய்ந்தன.

வைரஸை மறிக்கும் மரபணுவை இப்போது கண்டுபிடித்துவிட்டாள். அதைப் பொருத்த உயிருள்ள தொல்லுயிரி ஒன்று வேண்டும். காட்டோடு போய்த் தனியாக மேய்ந்த கிழ எருமை காலையில் பள்ளத்தில் விழுந்து செத்தது என்று சென்னியப்பன் போனில் சொன்னதும் பதறிவிட்டாள்.

“வயித்துக் கூழை பிளாஸ்க்ல எடுத்துட்டு வாங்க, ஐயா. உள்ள உயிர் இருக்கு, சூடு ஆறக் கூடாது.”

சாயங்காலம் அவர் வந்தார். துண்டில் சுற்றிய பிளாஸ்கை இரண்டு கையாலும் நீட்டினார்.

“சூடு ஆறலைங்க, அம்மிணி. மடியிலயே வெச்சிருந்தனுங்க.”

வாங்கிய கை அப்படியே நின்றது. “மூடி லூசா இருக்கே?”

“அந்தியூர்ல ஒருக்கா, பவானியில ஒருக்கா, பஸ்ஸு நின்ன பக்கமெல்லாம் தொறந்து காத்தாட வுட்டனுங்க. குச்சியில கிண்டியும் வுட்டன். உசுருன்னு சொன்னீங்கல்ல, புழுங்கிப் போயிருமே.”

 எப்படிக் கொல்லலாம் என்று ஊரெல்லாம் சொன்னவள், அது எப்படி வாழும் என்று இவர் ஒருவரிடம் சொல்ல மறந்துவிட்டாளே. இருந்தாலும் ஒன்றிரண்டு தப்பியிருக்காதா என்ற நப்பாசையில் கூழைக் காற்றில்லாத கலனில் அடைத்தாள். மீத்தேன் வந்தால் அதன் அளவுமானியில் முள் நகரும்.

நான்கு நாள் பார்த்தாள். முள் அசையவில்லை. அத்தனை நாளும் சென்னியப்பன் ஊருக்குப் போகாமல் வராந்தாவிலேயே இருந்தார்.

“எங்கூர்ல இன்னும் பதினோரு மாடு நிக்குதுங்க. அந்த உசுர எப்பக் கொண்டுக்கிட்டுப் போலாம்?”

செண்பகவல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எல்லாம் செத்துப்போச்சு, ஐயா. நான்தான் கொன்னேன்.”

“அட, நீங்க என்ன பண்ணுவீங்க,” என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “பவானி தாண்டிக் கொஞ்சம் கண்ணசந்துட்டனுங்க. இன்னும் ரெண்டு தடவ தொறந்து வுட்டிருக்கோணும்.”