வெஸ்ட்மார்க் அனுப்பிய பாசி

பன்னிரண்டு நாள் தபால் வண்டியில் குலுங்கி வந்த பாசி ஈரமாக இருந்தது.

உல்ரிகா பொட்டலத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள். வெளியுறை மொடமொடவென்று காய்ந்திருந்தது. முகவரியின் மை எங்கும் கசியவில்லை. உள்ளே நான்காக மடித்து வைத்த சின்னக் காகிதம் மட்டும் வியர்த்த உள்ளங்கையைப் போலச் சில்லிட்டு நனைந்திருந்தது. அதிலிருந்து மழைக்காலத்து நிலவறையின் வாடையும் அதற்கடியில் லேசாக ஒரு இனிப்பும் எழுந்தது. அவள் பிரித்திருந்த நூற்றுக்கணக்கான பொட்டலங்களில் எதற்கும் வாடையே இருந்ததில்லை. எல்லாம் தேயிலைபோல் சுருண்டு காய்ந்து வரும். பத்து வருடம் காகிதத்துக்குள் கிடந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் நிமிர்ந்து பச்சையாகிவிடும், அதுதான் பாசியின் பெருமை என்று அண்ணன் சொல்வார்.

அண்ணன் டோர்ஸ்டென் நூர்லின் ஸ்டென்ஷோ ஊரின் போதகர். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற ஆறு நாளும் பாசி. கல்லிலும் மரப்பட்டையிலும் படர்கிற அந்த அற்பப் பச்சையின் பேரில் அவருக்கு எடின்பரோவிலும் கோட்டிங்கனிலும் கோபன்ஹேகனிலும் நண்பர்கள் இருந்தார்கள். ஒருவர் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை, எல்லாம் கடிதத்தில்தான். அவர்களில் மிக நெருக்கமானவர் லுண்ட் நகரத்து மருத்துவர் வெஸ்ட்மார்க். பதினெட்டு வருடப் பழக்கம். மூன்று வருடத்துக்கு முன்பு அண்ணனுக்குப் பார்வை முழுவதுமாகப் போனது. அதிலிருந்து வருகிற கடிதங்களை வாசிப்பதும், அவர் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும் உல்ரிகாவின் வேலை. வெஸ்ட்மார்க்கின் கேலிகளை உரக்க வாசித்துச் சிரித்து, அவர் தனக்கும் நண்பர்தான் என்று அவள் நினைக்கத் தொடங்கியிருந்தாள்.

இந்தத் தடவை கேலி இல்லை. சில வரிகள்தான். பழைய கல்லறைத் தோட்டத்தைத் தோண்டியபோது எலும்பின் மேல் வளர்ந்திருந்ததாகவும், இப்படி ஒன்றை இதுவரை யாரும் விவரித்ததில்லை என்றும், மற்ற நண்பர்களுக்கும் கொஞ்சம் கொஞ்சம் அனுப்பும்படியும் எழுதியிருந்தார். எழுத்துகள் வரியை விட்டு இறங்கி இறங்கிப் போயிருந்தன. நனைத்துப் பாருங்கள் என்று முடித்திருந்தார்.

“கொடு இப்படி,” என்று கை நீட்டினார் டோர்ஸ்டென்.

“அண்ணா, வாடை ஒரு மாதிரியா இருக்கு. வேண்டாமே.”

“பாசிக்கு ஏது வாடை? நேத்து பொரிச்ச மீன் உன் கையில ஒட்டிட்டிருக்கும்.”

கண் போன பிறகு அவர் இலைகளின் விளிம்பை நாக்கு நுனியால் தடவிப் பார்க்கப் பழகியிருந்தார். அன்றும் ஒரு துணுக்கை எடுத்து உதட்டுக்குள் வைத்தார். அடுப்பில் விறகு சரிந்தது. பிறகு அவர் முகம் மலர்ந்தது. மூன்று வருடமாக அவள் பார்க்காத மலர்ச்சி.

“பேனாவ எடு, உல்ரிகா,” என்றார். “மத்த நண்பர்கள் ஏழு பேருக்கும் எழுதணும்.”

ஆறு கடிதங்கள் முடிந்து, ஏழாவது பாதியில் நின்றிருந்தபோது அடுத்த புதன்கிழமை வந்தது. கோயிலில் மணியடிக்கிற ஒலோஃப்தான் வாராவாரம் தபால் சத்திரத்துக்குப் போய் வருவான். அவன் கொண்டுவந்தது ஒரே ஒரு கடிதம், பழக்கமில்லாத கையெழுத்து. வெஸ்ட்மார்க் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி எழுதியிருந்தாள். டாக்டர் கோடைக்காலத்திலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சாப்பாடு இல்லை, தண்ணீர் மட்டும், வாளி வாளியாக. அவர் மேஜையில் ஒட்டி முகவரி எழுதிக் கிடந்த கடிதங்களை, முக்கியமானவையாக இருக்கும் என்று நினைத்து நான்தான் தபாலில் சேர்த்தேன். என்னை மன்னிக்க வேண்டும். அவற்றில் ஏதாவது பாசி இருந்தால் தயவுசெய்து நனைக்க வேண்டாம். கடைசி இரண்டு வார்த்தைகளின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

“யாரு எழுதியிருக்காங்க?” என்று கேட்டார் அண்ணன். அவர் முன்னால் தட்டில் அந்தப் பாசி தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. ஒரு வாரத்தில் அது இரண்டு பங்காகியிருந்தது.

உல்ரிகா கடிதத்தை மடித்தாள். “பிஷப் ஆபீஸ்லேர்ந்து, அண்ணா. வழக்கமா வர்றதுதான்.”

அதுவரை அவள் அவரிடம் ஒரு வார்த்தைகூட மாற்றி வாசித்ததில்லை. ஆனால் அவர் ஏற்கெனவே நாக்கில் வைத்தாகிவிட்டது. இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்தச் சந்தோஷத்தையும் கெடுப்பதைத் தவிர? அப்படித்தான் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவர் மத்தியானம் கண்ணயர்ந்த நேரத்தில் தட்டை எடுத்துப்போய் அடுப்பில் கவிழ்த்தாள். அது எரியவில்லை, வெகுநேரம் சீறிக்கொண்டே கிடந்தது. சமையலறை முழுக்க அந்த இனிப்பு வாடை நின்றது. கடிதங்களுக்குள் வைக்க மடித்த சின்னக் காகிதங்களைப் பாசி வைக்காமல், வெறுமையாகவே வைத்தாள். அவருக்குத் தெரியப்போவதில்லை. தட்டு எங்கே என்று அவர் கேட்கவும் இல்லை. இப்படி உள்ளே காகிதம் வைத்தால் எடை கூடிவிடுகிறது என்று தபால் வண்டிக்காரன் எப்போதும் முணுமுணுப்பதை ஒலோஃப் சொல்லிச் சிரித்தான்.

கடிதங்களை ஒட்டுவது அண்ணனின் வேலை. பார்வை போன பிறகு, தன் கையால் செய்வதற்கு அவருக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். மாவில் செய்த சின்னச் சிவப்பு வில்லையை நாக்கில் நனைத்து, மடிப்பில் வைத்து, கட்டைவிரலால் அழுத்துவார். ஏழையும் அப்படியே ஒட்டினார். ஒலோஃப் கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டு போனான்.

நவம்பரில் அவர் ரொட்டியைத் தொடுவதை நிறுத்தினார். பிறகு கஞ்சியை. தண்ணீர்க் குவளை மட்டும் எப்போதும் கையில் இருந்தது. பேச்சில் மெல்ல ஒரு குழறல் வந்தது, வாய்க்குள் எதையோ ஒதுக்கி வைத்துக்கொண்டு பேசுவதுபோல். பல் வலியா என்று கேட்டால் இல்லையென்று தலையசைப்பார். மழை பெய்தால் ஜன்னலைத் திறக்கச் சொல்வார். சாரல் முகத்தில் அடிக்க, பார்வையில்லாத கண்களைத் திறந்துவைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். துணி எடுத்துத் துடைக்கப் போனால் அவள் கையை மெதுவாக விலக்கிவிடுவார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிற்றுக்கிழமை, திருவிருந்து. ஊர் முழுக்கக் கோயிலில் இருந்தது. ஈரக் கம்பளியும் மெழுகுவர்த்திப் புகையுமாக மூச்சுமுட்டியது. வழக்கம்போல் அவர் முதலில் பருகிவிட்டு, ஒலோஃபின் தோளைப் பிடித்தபடி வெள்ளிக் கிண்ணத்தை ஒவ்வொருவர் உதட்டிலும் வைத்துக்கொண்டே வந்தார். உல்ரிகா முன்வரிசையில் மண்டியிட்டிருந்தாள். திராட்சை ரசத்தின் புளிப்புக்கடியில் ஏதோ இனித்தது. விழுங்கிவிட்டாள். அதை அப்போது பெரிதாக நினைக்கவில்லை. நினைக்க விரும்பவில்லை.

ஆசீர்வாதம் சொல்லும் நேரம் அவர் கைகளைத் தூக்கினார், வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. வாய் மூடவும் இல்லை. ஜனங்கள் தலைகுனிந்தபடி காத்திருந்தார்கள். ஒரு குழந்தை இருமியது. பிறகு பின்வரிசையில் யாரோ. அவர் திறந்த வாயோடு அப்படியே நின்றார், குளிர்ந்த கோயிலில் எல்லோர் மூச்சும் வெண்மையாகப் புகைய, அவர் வாயிலிருந்து மட்டும் எதுவும் புகையாமல். கடைசியில் ஒலோஃப் போய் மணியை அடித்தான்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

வேலைக்காரி எல்னா மூன்றாம் நாள் தன் துணிமூட்டையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். வீட்டுக்குப் போகிறேன் என்றாள். உல்ரிகா காரணம் கேட்டாள்.

“ஐயா வாயிலேர்ந்து ஒரு சத்தம் வருதும்மா.”

“குறட்டையா இருக்கும்.”

“இல்லம்மா. காஞ்ச மண்ணுல தண்ணி ஊத்தினா உறிஞ்சுமே, அது மாதிரி. நீங்க கேட்டதில்லையா?”

கேட்டிருந்தாள். தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எல்னாவைப் போகச் சொன்னாள்.

அடுத்த புதன்கிழமை கோபன்ஹேகனிலிருந்து பதில் வந்தது. அங்கே மருந்துக்கடை வைத்திருக்கும் ஃபிரிஸ், நல்ல மனுஷன், வேடிக்கையாக எழுதுவார். உல்ரிகா நின்றபடியே பிரித்தாள். ‘உங்கள் தங்கை அவசரத்தில் வெறும் காகிதத்தை மடித்து அனுப்பிவிட்டார், கோபித்துக்கொள்ளாதீர்கள். அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. நீங்கள் ஒட்டிய வில்லையை உடைத்தபோது அதன் அடியில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. தண்ணீரில் போட்டு வைத்தேன். எவ்வளவு அழகாக நிமிர்கிறது! நண்பர்கள் எல்லோருக்கும் பிரித்து அனுப்பிவிட்டேன்.’ பாதிக்கு மேல் எழுத்துகள் வரியை விட்டு இறங்க ஆரம்பித்திருந்தன. கடைசியில், இந்த வருடம் ஏனோ தாகம் அதிகமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

வில்லை.

அண்ணனின் நாக்கு. ஏழு வில்லைகள். வெள்ளிக் கிண்ணம்.

ஃபிரிஸின் நண்பர்கள் யார் யார்? அவர்களுக்கு எத்தனை நண்பர்கள்? கப்பலில் போகும் கடிதங்கள் எவ்வளவு தூரம் போகும்? முன்பெல்லாம் அண்ணன் பெருமையாகச் சொல்வார், தூரத்துத் தீவுகளில் இருக்கிறவர்கூட எங்கள் கூட்டத்தில் ஒருத்தர்தான் என்று.

அன்று மத்தியானம் உட்கார்ந்து ஏழு பேருக்கும் எழுதினாள். நனைக்க வேண்டாம், தொட வேண்டாம், யாருக்கும் அனுப்ப வேண்டாம். வில்லையை எடுக்கவில்லை, அரக்கை மெழுகுவர்த்தியில் உருக்கி ஊற்றினாள். எழுதும்போது தொண்டை காய்ந்தது. ஒரு குவளை குடித்தாள். இரண்டாவது கடிதத்துக்கு இன்னொன்று. நான்காவதை எழுதும்போது, நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். அங்கே என்னவோ மெத்தென்று இருந்தது. அதற்குமேல் தேய்த்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கண்ணாடி இருக்கும் அறைக்கும் போகவில்லை.

கூப்பிட்டதும் ஒலோஃப் வந்தான். கடிதக் கட்டைக் கையில் வைத்து, இன்றைக்கே சேர்க்க வேண்டும், உயிர் போகிற காரியம் என்றாள். அவன் சரி என்று தலையாட்டினான். ஆனால் போகவில்லை. வாசற்படியிலேயே நின்று உதட்டை நக்கிக்கொண்டான்.

“கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா? காலையிலேர்ந்து குடிச்சிட்டேதான் இருக்கேன். என் பொண்டாட்டி திட்டுறா, கிணத்த காலி பண்ணிடுவேன்னு. அவ மட்டும் என்ன, அதேதான்.”

கூஜாவைக் கொடுத்தாள். அவன் அண்ணாந்து, மூச்சு விடாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தான். குடிக்கும்போது அவன் தொண்டைக்குள் அந்தச் சத்தம் கேட்டது. காலி கூஜாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாதையில் போகாமல், பனி உருகித் தண்ணீர் தேங்கியிருந்த பள்ளத்தின் ஓரமாகப் போனான். அங்கே நின்றான். முழங்காலிட்டுக் குனிந்தான். எழுந்திருக்கவில்லை. கடிதக் கட்டு அவன் பக்கத்திலேயே தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

அவள் கதவைச் சாத்தினாள்.

வீட்டில் வேறு எந்தச் சத்தமும் இல்லை. அடுப்பு அணைந்திருந்தது. அண்ணனின் அறையிலிருந்து மட்டும் அந்த உறிஞ்சல், சீராக, நிதானமாக. அதுவும் நின்றது.

“அண்ணா?”

நாற்காலி ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. கூரையிலிருந்து உருகிய பனி சொட்டு சொட்டாக உள்ளே விழுந்தது. பட்டப்பகல். பனியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அறை முழுக்க வெள்ளையாக இருந்தது. நிழலே இல்லை. ஒளித்துவைக்க எந்த மூலையும் இல்லை.

நாற்காலியைத் தன் பக்கம் திருப்பினாள்.

அவர் தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. நாக்கு இருந்த இடத்தில் பச்சை. பல்வரிசையின் மேல் பச்சை. உதட்டோரம் வழிந்து, கழுத்துப்பட்டை வரை, மிக மென்மையான, மிக அழகான பச்சை. அதிலிருந்து தலைமயிர் கனத்தில் சிவப்புக் காம்புகள் நூற்றுக்கணக்கில் எழுந்திருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் கடுகளவு குடுவை. ஒவ்வொரு குடுவைக்கும் ஒரு கூரான மூடி. எல்லாம் ஜன்னலைப் பார்த்து வளைந்திருந்தன.

கண் மட்டும் அவருடையது. அது ஈரமாக இருந்தது. இமைத்தது.

அவள் வாயிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

காம்புகள் அசைந்தன. காற்று இல்லை. வெளியே ஒரு கிளைகூட ஆடவில்லை. ஒவ்வொன்றாக, பிறகு கூட்டமாக, அவை ஜன்னலை விட்டு அவள் பக்கம் திரும்பின.

மூச்சை அடக்கிக்கொண்டாள். அவை நின்றன. சொட்டும் தண்ணீரை எண்ணினாள். பத்து. இருபது. நாற்பது. நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. கால் நகரவில்லை. ஐம்பது.

மூச்சு தானாக வெளியே வந்தது.

முதல் மூடி உதிர்ந்தது. பிறகு அடுத்தது. பிறகு எல்லாம், மெல்லிய ஒரு சடசடப்போடு. வெள்ளை வெளிச்சத்தில் பச்சைத் தூள் ஒரு புகைபோல எழுந்து, அவசரமே இல்லாமல், அவள் திறந்த வாயை நோக்கி மிதந்து வந்தது.