கட்டிலுக்கடியில் சீனி

நெத்தலி வறுபடும் வாசனைக்கு ஒரு பூனைகூட வரவில்லை.

சுந்தரம்மா தாச்சியை இறக்கிவைத்துவிட்டுப் பின்வாசலுக்கு வந்தாள். இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையோரம், ஏலக்காய்த் தோட்டத்தை ஒட்டி இருந்தது அவள் வீடு. மாலைப் பனி மிளகுக்கொடிகள் வரை இறங்கியிருந்தது. அவளுடைய பூனைகள் எல்லாம் வேலியோரம் உட்கார்ந்திருந்தன. சண்டை இல்லை, ஒன்றையொன்று நக்கிக்கொள்ளவும் இல்லை. மயிர் நனைந்து ஒட்டிக்கிடக்க, வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

“பூஸ்... பூஸ்... வாங்கடி.”

நெஞ்சை நிமிர்த்தி நடப்பதால் கங்காணி என்று பெயர் வாங்கிய கடுவன், அவள் குரல் கேட்டு ஓரடி பின்வாங்கியது.

மனசு நோகவேண்டிய விஷயம். நோகவில்லை. புருஷன் செல்லச்சாமி வைகாசியில் செத்ததிலிருந்து எதுவுமே நோவதில்லை. சாவு வீட்டில் மற்றவர்கள் மாரடித்து அழுதபோது, வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

சிறுமியாகத் தோட்டத்து லய வீட்டில் இருந்த காலத்திலிருந்தே அவளுக்குப் பூனைதான். அப்பா சாக்கில் கட்டித் தேயிலை மலைக்குள் விட்டுவந்த குட்டிகளை மழையில் தேடிப்போய், சட்டைக்குள் போட்டுக்கொண்டு வருவாள். கல்யாணமாகிப் பிள்ளை பிறக்கவில்லை. வீடு நிறையப் பூனைகள் பிறந்தன. செல்லச்சாமி போன பிறகு, அவள் படுத்தால் காலடியில், வயிற்றோரம், கழுத்துக்குழியில் என்று அவை வந்து அடைந்துகொள்ளும். அந்தச் சூடு ஒன்றுதான் அவள் உடம்புக்கு இன்னும் தெரிந்துகொண்டிருந்தது.

அறைக்குள் குர்ர் என்று சத்தம் கேட்டது. கட்டிலுக்கடியில். குட்டி போட்டிருந்த சீனி அங்கேதான் சாக்குமேல் கிடப்பாள். ஒருத்தியாவது இருக்கிறாளே. சுந்தரம்மா நெத்தலியைச் சோற்றில் பிசைந்து, பீங்கான் தட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். குனிந்து பார்க்க இடுப்பு விடவில்லை. கொஞ்ச நேரத்தில் பீங்கான் தானாக வெளியே வந்தது, கழுவிவைத்ததுபோல.

பூனை பீங்கானைத் தள்ளுமா என்று நினைத்தாள். நினைப்பு அதற்குமேல் போகவில்லை. படுத்தபோது அந்தக் குர்ர் பலகை வழியாக முதுகுக்குள் ஏறியது. அதிலேயே தூங்கிப்போனாள்.

மறுநாள் அந்தி சாயும் நேரம், பக்கத்து வீட்டு பர்ஸானா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கூப்பிட்டாள்.

“சுந்தரம்மாக்கா, ஒங்கட பூன எல்லாம் எங்கட குசினிக்குள்ளதான் ஈக்கிது. வெரட்டினாலும் போகுதில்ல.”

“இருக்கட்டும் பர்ஸானா. என்னமோ, வீட்டுக்கு வர மாட்டேங்குதுங்க. சீனி மட்டுந்தான் என்கிட்ட இருக்கா. குட்டிங்களோட கட்டிலுக்கு அடியில கெடக்குறா.”

பர்ஸானா தன் காலடியைக் குனிந்து பார்த்தாள்.

“அக்கா, சீனி நேத்து காலையிலயே வந்துட்டா. குட்டிகள ஒவ்வொண்டா வாயில கவ்விக்கொண்டு வந்தா. ஒண்டு மட்டும் இல்ல. அதுக்குத்தான் கத்திக்கொண்டே ஈக்கிறா.”

அவள் காலடியில் சீனி நின்றாள். தொண்டை கட்டிப்போயிருந்தது. வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து குட்டி கத்தியது. மெல்லிசாக, விட்டுவிட்டு.

“போகாதீங்க அக்கா. எங்கட மகன் பஸீர் வந்துரட்டும். டோர்ச் எடுத்துக்கொண்டு வரச் சொல்றேன்.”

“பசியில கத்துது பாவம். எடுத்துட்டு வந்துர்றேன்.”

பயம் இருந்தது. ஆனால் எதிர்மலையில் நின்று யாரோ கூப்பிடுவதுபோல அது தூரத்தில் இருந்தது. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தும் அவள் கால்கள் நடந்துகொண்டிருந்தன.

அறைக் கதவைத் திறந்ததும், நனைந்த மயிரும் கிளறிய மண்ணும் பலநாள் மூடிக்கிடந்த பெட்டியின் புழுக்கமும் கலந்த ஒரு வாசனை முகத்தில் வந்து மோதி, தொண்டைக்குள் இறங்கி, நாக்கில் துருப்போலக் கரித்தது. லைட்டைப் போட்டாள். மஞ்சள் வெளிச்சம் சுவரில் விழுந்தது, தரையில் விழுந்தது, கட்டிலின் விளிம்போடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே இருட்டு.

குர்ர்ர்.

நின்றது. மறுபடி தொடங்கியது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டாள். கையை உள்ளே விட்டாள். சாக்கு. ஈரச் சாக்கு. குட்டி இல்லை. இன்னும் உள்ளே. மயிர் தட்டுப்பட்டது. சூடான மயிர். கையை இடப்பக்கம் நகர்த்தினாள். மயிர். வலப்பக்கம். மயிர். மேலே பலகை வரை. உள்ளே சுவர் வரை.

குட்டி கத்தியது. மயிருக்கு அப்பாலிருந்து. ஆழத்திலிருந்து.

பிறகு நாக்கு வந்தது. சொரசொரப்பாக. விரல்நுனியில் தொடங்கி, ஒரே இழுப்பில், தோள்வரை. தோல் அதோடு போனது தெரிந்தது. வலிக்கவில்லை. சூடாக இருந்தது.

வெளியே பர்ஸானா அவள் பெயரைச் சொல்லி அலறிக்கொண்டிருந்தாள்.

சுந்தரம்மா கையை எடுக்கவில்லை. கட்டில் சட்டத்தில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள். உள்ளே அது மூச்சு இழுத்தது. கட்டிலின் நான்கு கால்களும் தரையைவிட்டு மெல்ல எழும்பின, அவள் தலையையும் தூக்கிக்கொண்டு. மூச்சு விட்டது. மெல்ல இறங்கின. மறுபடி எழும்பின.