சுவருக்கு அந்தப் பக்கம்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

பிருந்தா புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். வளைகுடா நகரமொன்றின் அல் குசைஸ் பகுதியில், அந்தக் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் இரண்டு வருடமாக அவள் தனியாகத்தான் இருக்கிறாள். கணவன் ஸ்ரீனிவாசனுக்கு இன்னொரு அரபு நாட்டில், யான்புவில் வேலை. மகள் அனன்யா சென்னையில் படிக்கிறாள். "தனியா இருக்கிறதும் ஒரு கலைடி. யார் வம்புக்கும் போகாம இருந்தா நிம்மதி" என்று போனில் மகளிடம் சொல்வாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கஜாலினியை நினைக்கும்போது மட்டும் அந்தப் பெருமை நிற்காது. பக்கத்து வீட்டில் கணவனோடு இருந்த யாழ்ப்பாணத்துப் பெண். மே மாதத்தில், இதே போலொரு சனிக்கிழமை, அவன் அவளை அடித்தே கொன்றான். அரை மணி நேரம் அடித்தான். "அக்கா, வாங்கோ அக்கா" என்று அவள் கூப்பிட்டது இந்தச் சுவர் வழியே தெளிவாகக் கேட்டது. பிருந்தா படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போலீஸ் வந்து விசாரித்தபோது, தூங்கிவிட்டேன் என்றாள்.

இப்போது அங்கே குழாய் நின்றது. ஈரக் கால்கள் தரையில் ஒட்டி ஒட்டி எடுத்து நடப்பதுபோல ஒரு சத்தம், அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வந்து, சுவருக்கு மிக அருகில் நின்றது.

வாட்ச்மேன் சாதிக் பாட்ஷாவைக் கூப்பிட்டாள். அவர் சாவியோடு மேலே வந்து கதவைத் திறந்து காட்டினார். புதுப் பெயின்ட் வாசனை. சாமான் ஒன்றுமில்லாத கூடம். அடுப்படித் தொட்டியில் காய்ந்த தூசி.

"பாருங்கம்மா, யாரும் இல்ல. வெயிலுக்கு பைப்புல காத்து அடைச்சிருக்கும்."

"ஆள் நடக்கிற சத்தம் கேட்டுதுங்க."

அவர் கதவைச் சாத்தினார். பூட்டிவிட்டு, பூட்டை இருமுறை இழுத்துப் பார்த்து, லிஃப்ட் வரும்வரைகூடக் காத்திராமல் படியில் இறங்கினார்.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம், சதையில் ஏதோ கனமாக விழுகிற சத்தம். பிறகு இன்னொன்று. நடுவே, வாய் நிறைய எச்சிலோ ரத்தமோ தேங்கியிருப்பது போன்ற குரல்.

"அக்கா."

பிருந்தாவின் கால்கள் தாமாகவே படுக்கையறைப் பக்கம் திரும்பின. வாசல்படியிலேயே நின்றாள். இன்றும் உள்ளே போய்ச் சாத்திக்கொண்டால் மிச்சமிருக்கிற நாளெல்லாம் சாத்திக்கொண்டேதான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. முன்கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

பக்கத்து வீட்டுக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

"கஜா? இதோ வந்துட்டேன்."

உள்ளே போனாள். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. கூடத்தில் யாருமில்லை. ஏசி இல்லாத புழுக்கம். இரும்பு வாடை.

முதல் அடி முகத்தில் விழுந்தது.

யார் கையும் தெரியவில்லை. இரண்டாவது அடியில் பல் உடைந்து நாக்கில் குத்தியது. கீழே விழுந்தாள். விலா எலும்பில் உதை. மறுபடியும் அங்கேயே. கத்தினாள். வயிற்றில். மணிக்கட்டு மடங்கி முறிந்தது. மூச்சு வரவில்லை.

பிறகு நின்றது.

ஒற்றைக் கண்தான் திறந்தது. பக்கத்தில் கஜாலினி முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். தாடை ஒரு பக்கமாகப் பெயர்ந்து தொங்கியது. கோபமே இல்லாத முகம். பிருந்தாவின் தலையை இரண்டு கைகளாலும் மெதுவாகத் தூக்கி, காதைச் சுவரில் வைத்தாள்.

"கேக்குதோ அக்கா?"

ஒன்றும் கேட்கவில்லை. பிருந்தா தலையை அசைக்கப் பார்த்தாள்.

"இன்னும் கிட்ட."

கைகள் அழுத்தின. காது மடல் நசுங்கியது. கன்ன எலும்பு மெல்ல விரிசல் விட்டது. புதுப் பெயின்டில் சூடாக ஏதோ வழிந்தது.

"இன்னும் கொஞ்சம், அக்கா."