எட்டு ஃபேடர்களும் ஒரு மவுஸும்

கேரேஜுக்குள் காலை வைத்ததுமே தேஜஸ்வினி அலறினாள்.

அலறல் தெருவுக்குப் போகவில்லை. போகாது! அந்த கேரேஜை ஸ்டூடியோவாக மாற்றியபோது ஒலிப்பதிவாளர் செந்தூரன் அப்படி இழைத்திருந்தார். வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன் ரயில் சத்தமே உள்ளே வராது.

அந்தச் செந்தூரன் இப்போது தரையில் கிடந்தார்.

குப்புற... பின்னந்தலையில் ரத்தம். பக்கத்தில் ஒரு மைக் ஸ்டாண்ட். அதன் இரும்பு அடிப்பாகத்திலும் ரத்தம்.

"செந்தூரன் அண்ணா..."

தொட்டுப் பார்க்க தேஜஸ்வினிக்குத் தைரியம் இல்லை.

பிளாக்டவுனில் கணினி வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பெண் அவள். வார இறுதியில் பாடுவாள். ஒரே ஒரு வரியை மறுபடி பாடிக் கொடுக்க மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரச் சொல்லியிருந்தார் செந்தூரன். வந்த இடத்தில் இப்படி!

அவசர உதவிக்கான மூன்று பூஜ்யங்களை அழுத்த வேண்டிய விரல், கிரணின் பெயரை அழுத்தியது.

அதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய பிஆர், அதாவது நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. போலீஸ் என்றாலே பயம். கிரண்தான் பாட்டின் இசையமைப்பாளன். அவளைப் பாட அழைத்து வந்தவனும் அவன்தான். சென்னைப் பட நிறுவனம் ஒன்று பாட்டைக் கேட்டு மயங்கியிருப்பதாகப் போன வாரம்தான் சொல்லியிருந்தான்.

கிரண் உடனே எடுத்தான். மெல்பேர்னில், வெரிபீயில், அக்கா வீட்டில் இருப்பதாகச் சொன்னான். நேற்றே விமானத்தில் அங்கே போய்விட்டானாம். அவள் அழுதுகொண்டே நடந்ததைக் கொட்டினாள்.

"தேஜு, நான் சொல்றதக் கேளு. போலீஸ் வேணாம். ஆம்புலன்ஸும் வேணாம். செத்த ஆளு பக்கத்துல நீ மட்டும் நிக்கற. உன் பிஆர் என்னாகும், யோசி."

யோசித்தாள். பயம் இரண்டு மடங்கானது.

"இப்ப நான் என்ன செய்ய?"

"கதவைச் சாத்திட்டுக் கிளம்பு. எதையும் தொடாத. மத்ததை நான் வந்து பார்த்துக்கறேன்."

தலையாட்டிவிட்டு வாசலை நோக்கித் திரும்பினாள்.

சர்ர்ர்...

முதுகுக்குப் பின்னால் ஏதோ நகர்ந்தது!

தேஜஸ்வினி உறைந்தாள். மெல்லத் திரும்பிப் பார்த்தாள். செந்தூரன் அசையவில்லை. அசைந்தது மேஜை மேல் இருந்த கன்ட்ரோலர்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பிளகின் என்ற ஒலி மென்பொருள்களையும் ஒலி அளவையும் கையால் தொட்டு இயக்குவதற்கான பலகை அது. எட்டு ஃபேடர்கள், அதாவது மேலும் கீழும் தள்ளுகிற எட்டுப் பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு குட்டி மோட்டார். மிக்ஸ் செய்யும்போது, அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலக்கும்போது, செந்தூரன் திரையை அணைத்துவிடுவார். படத்தைப் பார்த்தால் காது சோம்பேறியாகிவிடும் என்பார். விரல்கள் ஃபேடரில் கிடக்க, கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்ப்பார்.

கிரண் அதைப் பார்த்துச் சிரிப்பான். ஒரு மவுஸ் போதாதா, இதற்கு எதற்கு இத்தனை பெரிய பலகை என்பான்.

இப்போதும் திரை இருட்டாகத்தான் இருந்தது. ஆனால் முதல் ஃபேடர் கீழே சரிந்து கிடந்தது.

சர்ர்ர்... இரண்டாவதும் சரிந்தது!

தொட ஆளில்லை. தொட்டுத் தொட்டு அதைப் பழக்கியவர் தரையில் கிடக்கிறார். பேய், பிசாசு என்று மனம் எங்கெங்கோ ஓடியது. அப்புறம் செந்தூரன் ஒருநாள் செய்து காட்டியது ஞாபகத்துக்கு வந்தது. கம்ப்யூட்டரில் மவுஸால் எதை இழுத்தாலும் இங்கே இருக்கும் ஃபேடரும் கூடவே நகரும்.

மேஜை மேல் இருந்த மவுஸ் அப்படியே கிடந்தது.

இன்னொரு மவுஸ் உண்டு. பாடும் அறைக்குள்! பாடகர்கள் தாங்களே பதிவு செய்துகொள்ள அங்கே ஒரு சின்னத் திரையும் மவுஸும் வைத்திருந்தார் செந்தூரன்.

அவள் பார்வை அந்த அறைக்குப் போனது. கண்ணாடி ஜன்னலில் கறுப்புத் திரைச்சீலை இழுத்துவிடப்பட்டிருந்தது. கதவு, எந்தக் கசாப்புக் கடைக் குளிர் அறையிலிருந்தோ வாங்கி மாட்டியது. வெளியே கனத்த இரும்புக் கைப்பிடி; அதை இறக்கிவிட்டால் உள்ளிருந்து திறக்க முடியாது. உள்ளே ஆள் இல்லாதபோது அது கீழே இறங்கியிருக்க வேண்டும். செந்தூரனுக்கு அதில் சமரசமே கிடையாது.

இப்போது கைப்பிடி மேலே நின்றது.

உள்ளே ஆள் இருக்கிறது!

"தேஜு... கிளம்பிட்டியா?" என்றது காதில் இருந்த போன்.

கன்ட்ரோலரில் பச்சை விளக்குகள் துள்ளி எழுந்து அடங்கின.

தேஜஸ்வினி குனிந்து பார்த்தாள். அந்த விளக்குகளுக்குக் கீழே ஒட்டியிருந்த டேப்பில் அவள் பெயர். அவள் பாடுவதற்காகத் தயாராக வைத்திருந்த மைக்! பாடும் அறைக்குள் இருக்கும் மைக்!

குரலை நடுங்கவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

"கிரண்... அங்க மழையா?"

"ஆமா, செம மழை. ஏன் கேக்கற?"

பச்சை... பச்சை... மஞ்சள்... பேச்சு நின்றதும் விளக்கும் அணைந்தது.

அவன் மெல்பேர்னில் இல்லை. பத்தடி தூரத்தில், அவள் பாடுகிற மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறான்!

கத்தினாலும் கேட்க ஆளில்லை. வாசலுக்கு ஓடினால் அவனும் ஓடி வருவான். தேஜஸ்வினி செருப்பைக் கழற்றினாள்.

"கை காலெல்லாம் உதறுது கிரண். ஏதாவது பேசிக்கிட்டே இருங்க."

அவன் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தான். விளக்குகள் ஆடின. அவை ஆடும்வரை அவன் மைக்கை விட்டு நகரவில்லை என்று அர்த்தம். கண்ணை விளக்கில் வைத்தபடி பின்பக்கமாகவே பாடும் அறைக் கதவை நோக்கி நடந்தாள். செந்தூரனின் காலைத் தாண்டினாள்.

கைப்பிடிக்கு ஓரடி இருக்கும்போது விளக்குகள் அணைந்தன.

போனும் மௌனமானது. எழுந்துவிட்டானா? கதவுக்கு வருகிறானா?

பாய்ந்தாள். உடம்பின் முழு எடையையும் கைப்பிடி மேல் போட்டாள்.

டணார்!

கைப்பிடி இறங்கிய அடுத்த நொடி கதவு உள்ளிருந்து ஒரு முறை அதிர்ந்தது. அவ்வளவுதான். சத்தம் எதுவும் வெளியே வரவில்லை. போனைத் துண்டித்தாள். கன்ட்ரோலரில் அவள் பெயருக்கு மேலே விளக்குகள் உச்சி வரை சிவந்து கிடந்தன. உள்ளே அவன் தொண்டை கிழியக் கத்துகிறான் என்று புரிந்தது.

இந்த முறை விரல் சரியாக மூன்று பூஜ்யங்களை அழுத்தியது. பிஆர் போனால் போகட்டும். ஆள் மூச்சு விடுகிறாரா என்று கேட்டாள் எதிர்முனைப் பெண். அழுதுகொண்டே முதல் முறையாகச் செந்தூரனின் மூக்கருகே கையை வைத்தாள்.

சூடாக மூச்சு வந்தது!

ஆம்புலன்ஸ் வருவதற்குள் செந்தூரன் கண் திறந்துவிட்டார். ஆள் இறந்துவிட்டார் என்று நம்பவைத்து அவளைக் கிளப்பிவிடப் பார்த்திருக்கிறான் பாவி. செந்தூரன் விட்டு விட்டுப் பேசியதில் மீதி தெரிந்தது. சென்னைக்காரர்கள் மயங்கிய மிக்ஸ் செந்தூரனுடையது. கிரண் அதைத் தன் பெயரில் அனுப்பியிருந்தான். உண்மையைச் சென்னைக்குச் சொல்லிவிடுவேன் என்றதும் ஸ்டாண்டைத் தூக்கிவிட்டான். அவள் வாசல் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் உள்ளே ஒளிந்தவன், ஆதாரம் இல்லாமல் போகட்டும் என்று செந்தூரனின் கைவேலையை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கியிருக்கிறான். வெளித்திரைதான் அணைந்திருக்கிறதே, யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு!

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது, சிவப்பு விளக்கைக் காட்டி தேஜஸ்வினி கேட்டாள்.

"போலீஸ் வர்ற வரைக்கும் அவன் உள்ளயே இருக்கட்டுமா அண்ணா?"

கட்டுப் போட்ட தலையை மெதுவாக அசைத்தார் செந்தூரன்.

"ஓம் பிள்ளை. ஒரு மவுஸ் போதும் எண்டு சொன்னவன்தானே... உள்ள ஒண்டு கிடக்கு. இருந்து கிளிக் பண்ணட்டும்!"